உதடு அசையாமல்

கதவைச் சாத்திய பிறகுதான் செருப்பு உள்ளேயே மேஜைக்கடியில் இருந்துவிட்டது என்று சாரதாமணிக்கு நினைவு வந்தது. வராந்தாவின் சிமெண்டுத் தரை இன்னும் சூடேறவில்லை, தை மாதக் குளிர் அதில் மிச்சமிருந்தது. ஒரு காலை எடுத்து இன்னொரு காலின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இப்படித்தான் நிற்பார்கள், எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறாள் அவளே, இப்போது அவளை நிறுத்தியாயிற்று. உள்ளே அவளுடைய மூன்றாம் வகுப்பு, முழு வகுப்பு. பிள்ளைகளுக்கு எதிரே பெஞ்சில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள், தையல் கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள், பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து அப்படியே வந்த அப்பாக்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தலைமையாசிரியை நசீமா டீச்சர், எப்போதும்போல நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில். யார் வேண்டுமானாலும் எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கூப்பிடலாம். பாடப்புத்தகம் கூடாது. வீட்டில் கிடக்கிற அச்சடித்த எதையாவது கொண்டுவர வேண்டும், அதைப் பிள்ளை வாசிக்க வேண்டும். வகுப்பாசிரியை உள்ளே இருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொன்னபோது சாரதாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்க உள்ள இருந்தா அவங்க எழுத்தைப் பார்க்க மாட்டாங்க டீச்சர், உங்க வாயைப் பார்ப்பாங்க என்றார் நசீமா டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே முதல் குரல் கேட்டது. கவியரசு. சலவைத் தூள் பாக்கெட்டைப் படிக்கிறான், கறைகளை நீக்கும், கைகளுக்கு மென்மையானது, நிழலில் உலர்த்தவும். உலர்த்தவும் என்பதில் ஒரு நொடி நின்றான். சாரதாமணி மூச்சை நிறுத்திக்கொண்டாள். உலர்த்தவும். பெஞ்சில் யாரோ ஒரு அம்மா சிரித்தது கேட்டது.

இதே கவியரசுதான். இவனிடம்தான் எல்லாம் தொடங்கியது. ஆனியில் நசீமா டீச்சர் மாற்றலாகி வந்த புதிது, வகுப்பு வகுப்பாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார், எதுவும் சொல்ல மாட்டார், அந்த எதுவும் சொல்லாததே சாரதாமணியை என்னவோ செய்துகொண்டிருந்தது. ஒருநாள் கவியரசைக் கூப்பிட்டு மடியோடு அணைத்தாற்போல் வைத்துக்கொண்டு முயல் பாடத்தை வாசிக்கச் சொன்னார். கணீரென்று வாசித்தான். சாரதாமணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாதியில் நசீமா டீச்சர் புத்தகத்தை மெதுவாக, அவனே அறியாதபடி, தலைகீழாகத் திருப்பினார். அவன் நிறுத்தவேயில்லை. தலைகீழாகக் கிடந்த வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு, முயல் புதருக்குள் ஓடியது, ஆமை மெல்ல மெல்ல நடந்தது என்று பக்கம் முடியும்வரை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். நசீமா டீச்சர் சிரிக்கவில்லை. அவன் தலையைத் தடவி, நல்லா ஞாபகம் வெச்சிருக்கே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டுத் திட்டுவார் என்று சாரதாமணி காத்திருந்தாள், என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள், பெத்தவங்க வீட்டில் கவனிக்கறதில்லை, அப்பன் குடி, அம்மா ராத்திரி ஷிப்டு. அவர் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்று, நாமதான் ஏமாந்திருக்கோம் டீச்சர், புள்ளைங்க ஏமாத்தலை என்றார். நாம என்றார். வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனுஷி நாம என்கிறார். அந்தச் சொல்லை சாரதாமணி வழி முழுவதும் நாக்கில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் அலமாரிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒரு பிள்ளை எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாலேயே உதடு குவிந்து, விரிந்து, ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் எத்தனை வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. அவளை நேசித்துத்தான் பார்த்திருப்பார்கள், டீச்சர் முகம் மலர வேண்டும் என்றுதான் பார்த்திருப்பார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை. யாரோ கோயில் திருவிழா நோட்டீஸ் கொண்டுவந்திருக்கிறார்கள், முளைப்பாரி, அன்னதானம், அன்னதானம் என்பதைத் தட்டுத்தடுமாறி ஒரு பெண் பிள்ளை கடந்துவிட்டது. ஜன்னலுக்கு அருகில் போகலாமா, போகக்கூடாது, போனால் எட்டிப் பார்க்கத் தோன்றும். தூணைப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சில் லோகநாதன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை, அவர் குரல் இன்னும் எழவில்லை, அவர் சும்மா இருப்பதுதான் பயமாக இருந்தது. பஸ்களில் பெயர் எழுதுகிறவர் லோகநாதன், ஊர் பெயர், சாமி பெயர், முதலாளி மகள் பெயர், எல்லாவற்றையும் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுகிறவர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தீபாவளிக்கு முந்தின கூட்டம் அது, எழுந்து நின்று, ஊருக்கெல்லாம் நான் எழுத்து எழுதறனுங்க, எம் புள்ளைக்கு நான் எழுதின போர்டு படிக்கத் தெரியலீங்க என்றார். சத்தம் போடவில்லை, குரல் உடைந்திருந்தது. பிறகு சாரதாமணி பக்கம் திரும்பி, உங்க பையன் எங்கீங்க டீச்சர் படிக்கறான் என்று கேட்டார். அவள் பையன் படிப்பது ஈரோடு ரோட்டில் இருக்கிற தனியார் பள்ளியில், காலையில் ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து ஹார்ன் அடிக்கும், அந்த ஹார்ன் சத்தம் அப்போது அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கேட்டதுபோல இருந்தது. சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் நசீமா டீச்சர் எழுந்தார், முட்டி வலிக்கு ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. அவங்க பையனை விடுங்க, நம்ம புள்ளைங்களைப் பேசுவோம், பொங்கல் லீவு முடிஞ்சு நீங்க எல்லாரும் வாங்க, நீங்களே உங்க கையால எதையாவது கொண்டாந்து கேளுங்க, யாரை வேணா கேளுங்க, படிக்கலேன்னா அதுக்கு நான் பொறுப்பு என்றார். யாரைக் கேட்டு இப்படி வாக்குக் கொடுக்கிறார், வகுப்பு என்னுடையது, சந்தி சிரிக்கப்போவது என் பிழைப்பு என்று சாரதாமணி பொருமினாள். அன்று அவள் நசீமா டீச்சரை வெறுத்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவருடைய மூக்குக் கண்ணாடியை, சாப்பாட்டு டப்பாவை, தரையில் உட்காருகிற பழக்கத்தைக்கூட வெறுத்தாள்.

ஆனால் வெறுப்பு நீடிக்க அவர் விடவில்லை. கார்த்திகையில் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தலைமையாசிரியர்கள் கூட்டம், சாரதாமணியும் வேறொரு பயிற்சிக்காகப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒவ்வொரு பள்ளியாகக் கேட்டுக்கொண்டு வந்தார், மூன்றாம் வகுப்பில் எத்தனை சதவீதம் வாசிக்கிறார்கள். நூறு சார். நூறு சார். ஒருவர் தொண்ணூற்றெட்டு என்றார், அவரைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். நசீமா டீச்சர் முறை வந்ததும் எழுந்து, எங்க ஸ்கூல்ல பாதிப் புள்ளைங்களுக்கு இன்னும் சரியா வாசிக்க வரலை சார் என்றார். அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா, இது மேலே போற விவரம் என்றார் அதிகாரி, கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் மேலே. நசீமா டீச்சர் கேட்டார், "நான் சொல்லலேன்னா அதுங்க படிச்சிருமா சார்?" துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள், நம் பள்ளிப் பெயர் இப்படியா வெளியே போக வேண்டும், நல்லவேளை என்னை யாருக்கும் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில், அமராவதிப் பாலத்தில் பஸ் ஏறும்போது, யாரும் கவனிக்காத அந்த நேரத்தில், அவளே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். நான் சொல்லலேன்னா அதுங்க படிச்சிருமா சார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட அவளுக்கு அப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்ததில்லை. மனசில்கூட வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஜன்னல் காற்றுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் மாறிப்போயின. சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வகுப்பு கிடையாது, எந்த வகுப்பாக இருந்தாலும் சரி, எவ்வளவு வாசிக்கத் தெரியுமோ அதற்கேற்ற கூட்டத்தில் பிள்ளைகள் உட்கார வேண்டும். வேகமாக வாசிக்கிறவர்கள் ஐந்தாம் வகுப்பு சாரிடம். வரி வாசிக்கிறவர்கள், சொல் வாசிக்கிறவர்கள் சாரதாமணியிடமும் இரண்டாம் வகுப்பு டீச்சரிடமும். எழுத்தே தெரியாதவங்க எல்லாம் எனக்கு என்றார் நசீமா டீச்சர். சாரதாமணி எந்தத் தலைமையாசிரியரிடமும் இதைப் பார்த்ததில்லை, அவர்கள் எப்போதும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத்தான் மேற்பார்வை பார்ப்பார்கள், படம் எடுக்க வசதியாக. இவர் முட்டியை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பிய தட்டில் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதினார், பர்தாவின் கைமடிப்பில் எந்நேரமும் மணல் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு சட்டம்தான் அந்தக் கூட்டத்தில். தெரியாத எழுத்து வந்தால் தெரியலை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் சிரிக்கக்கூடாது. லோகநாதன் மகள் தாரணிகா அங்கேதான் இருந்தாள், முதல் வாரம் முழுக்க வாயே திறக்காமல், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு. பிறகு ஒருநாள் சாரதாமணி தண்ணீர் குடிக்கப் போகிறபோது அந்தக் கூட்டத்திலிருந்து தாரணிகாவின் குரல் கேட்டது, தெரியலை, தெரியலை, இதும் தெரியலை, ஏதோ பாட்டுப் பாடுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷமாக. மார்கழிக் கடைசியில் நசீமா டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இவ இனி உங்ககிட்ட, சொல் வாசிக்கறா என்று விட்டுவிட்டுப் போனார். ஆக, தாரணிகா இப்போது நசீமா டீச்சருடைய பிள்ளை இல்லை. என்னுடைய பிள்ளை. சாரதாமணியின் நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் முள்ளில் மாட்டிய துணிபோல நின்றது. என்னுடைய பிள்ளை, இன்னும் திக்குகிற பிள்ளை, அப்பன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்தாம் வகுப்பு சார் போன வாரமே சொன்னார், திக்கறதுங்க நாலஞ்சைப் புதன்கிழமை மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது. சாரதாமணி மனசுக்குள் யார் யார் அந்த நாலஞ்சு என்று எண்ணிப் பார்த்துவிட்டாள், எண்ணியதும் வெட்கமாக இருந்தது. நசீமா டீச்சர் தலைநிமிர்ந்து, அப்ப அந்த நாலஞ்சு எந்த ஸ்கூல் புள்ளைங்க சார் என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று காலையில் தாரணிகா தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். உள்ளே இப்போது வேறொரு பையன் ரேஷன் கடை நோட்டீஸை முடித்துவிட்டான், சீக்கிரமாக முடித்துவிட்டான், எனக்கு இதெல்லாம் சப்பை என்கிற மாதிரி. சாரதாமணி தனக்குத் தெரியாமலே சிரித்தாள். இத்தனை பேர் வாசிக்கிறார்கள். யார் உதட்டையும் பார்க்காமல், சுவரையும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தெரியாத முகங்களையும் எதிரே வைத்துக்கொண்டு, தாங்களாக வாசிக்கிறார்கள். ஆறேழு மாதத்தில் இது எப்படி நடந்தது, கூடவே இருந்து செய்தவளுக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. அடுத்துத் தாரணிகா வரட்டும் என்று யாரோ ஒரு அம்மா சொன்னது கேட்டது. பிறகு லோகநாதனின் குரல், "அவ இருக்கட்டுங்க. வேற யாரையாவது கூப்புடுங்க."

சாரதாமணியின் கை தூணில் இறுகியது. அவர் தன் மகளைத் தாண்டிப் போகிறார். கூட்டத்தில் எழுந்து கேட்ட அதே மனிதர் பயப்படுகிறார். இத்தனை பேர் முன்னால் மகள் திக்குவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயம், தனக்கும் அதேதான் பயம், இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக ஒரு கதவின் இரண்டு பக்கத்திலும் நின்று பயந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் அந்த மனிதர்மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. விட்டுவிடலாமே, ஒரு பிள்ளைதானே, நசீமா டீச்சர் சரி என்று சொல்லிவிட்டால் போதும். நசீமா டீச்சர் சொல்லவில்லை. எல்லாப் புள்ளைங்களும் படிக்கட்டும்ங்க, அவளை விட்டுட்டா அவளுக்கு என்ன தோணும் என்றார். பெஞ்சு கிரீச்சிட்டது. லோகநாதன் சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்துக் கொடுக்கிறார்போல, காகிதச் சத்தம் தடிமனாக இருந்தது, கல்யாணப் பத்திரிகை. தாரணிகாவின் குரல் ஆரம்பித்தது. அன், பு, டை, யீர். அன்புடையீர். சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நிகழும் மங்களகரமான. மங்க, மங்கள, மங்களகரமான, அதையும் தாண்டிவிட்டது பிள்ளை. தை மாதம். வெள்ளிக்கிழமை. காலை. சுப. சுபமு. சுபமுகூ. அங்கே நின்றது. சாரதாமணிக்குத் தெரியும் எங்கே நின்றிருக்கிறாள் என்று, இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் அவளுக்குக் கண் கட்டிவிடும், முகூர்த்தம், அதில் ர் வரும், உடனே த் வரும். உள்ளே யாரும் இருமக்கூட இல்லை. தன் உதடு அசைவதைச் சாரதாமணி உணர்ந்தாள், ர்த்த என்று விரிகிறது, கதவு நடுவில் இருக்கிறது, பிள்ளை பார்க்க முடியாது, இருந்தும் அசைகிறது, புறங்கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பல்லில் வளையல் இடித்தது. படி கண்ணு. இல்லை, படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அழாமல் இரு. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றாமல் இரு. அப்போது தாரணிகாவின் குரல், அழாமல், தயங்காமல், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்கிற குரலில் வந்தது. "இந்த எழுத்துத் தெரியலை டீச்சர். அடுத்ததைப் படிக்கட்டுமா?"

படி என்றார் நசீமா டீச்சர். அவள் அடுத்ததைப் படித்தாள். சாரதாமணி புறங்கையை வாயிலிருந்து எடுத்தாள். இத்தனை வருஷத்தில் திக்கிய பிள்ளைகள் எல்லாம் ஊமையாக நின்றிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், கூரையைப் பார்த்து ஏதோ ஒரு சொல்லை எறிந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்து நடந்து போனதில்லை. வட்டார அலுவலகத்தில் அத்தனை பேர் நடுவே நசீமா டீச்சர் சொன்னதும் இதைத்தானே. எங்களுக்கு இன்னும் வரலை சார். அதை இந்த எட்டு வயசுப் பிள்ளையும் சொல்லிவிட்டாள், சொந்த அப்பன் முகத்துக்கு நேரே. பத்திரிகை முடிந்தது. லோகநாதன் நிதானமாகக் கேட்டார், அந்த எழுத்து எப்பத் தெரியும்ங்க. கதவு திறந்தது. நசீமா டீச்சர் நின்றிருந்தார். உள்ளே வாங்க டீச்சர், இதுக்கு நான் பதில் சொன்னா சரியா இருக்காது, அவளைத் தினம் பார்க்கறது நீங்கதான் என்றார். என்னைப் பிடித்துக் கொடுக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணமே அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் நம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷி, அதில் ஒரு பங்கை எடுத்து, மரியாதையோடு, இவள் கையில் தருகிறார்.

சாரதாமணி வெறுங்காலோடு உள்ளே போனாள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். தாரணிகாவின் தோளில் கை வைத்தாள். ஐப்பசியில் இவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்றாள், இப்போது பத்திரிகையில் முக்கால்வாசி வாசித்தாள், புள்ளி எழுத்து இரண்டு சேர்ந்து வருகிற இடத்தில் இன்னும் தடுமாறுகிறாள், இவளை மாதிரி இன்னும் மூன்று பேர் இந்த வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள், கேளுங்கள் என்றாள். பங்குனி முடிவதற்குள் நாலு பேரும் நிற்காமல் வாசிப்பார்கள் என்றாள். "வாசிக்கலேன்னா ஹெச்செம் டீச்சரைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க" என்றாள். லோகநாதன் அவள் பக்கம் திரும்பினார். மஞ்சள் வேனைப் பற்றி இப்போது கேட்பாரோ என்று நினைத்தாள், கேட்டால் ஈரோடு ரோட்டில் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். அவர் சொன்னது வேறு. சரிங்க டீச்சர், பங்குனியில இதே பத்திரிகையை எடுத்துட்டு வர்றேன் என்றார்.

"இது வேண்டாங்க" என்றாள் சாரதாமணி. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இவ இதை மனப்பாடம் பண்ணிருவா. அப்புறம் நீங்களும் ஏமாந்துருவீங்க, நானும் ஏமாந்துருவேன். வேற ஒண்ணு கொண்டு வாங்க."

பெஞ்சிலிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டாள், லோகநாதனும் சிரித்தார், ஸ்டிக்கர் பசை காய்ந்த விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நசீமா டீச்சர் மறுபடி தரையில் உட்காரப் போனவர் பாதியில் நின்று சாரதாமணியைப் பார்த்தார், தலையை லேசாக அசைத்தார். லோகநாதன் பத்திரிகைக்காகக் கையை நீட்டினார். தாரணிகா கொடுக்கவில்லை. அவளுக்கு யாருடைய பேச்சும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபம், விருந்து, தங்கள் நல்வரவை விரும்பும் என்று எல்லாம் முடிந்த பிறகு, அட்டையின் அடி ஓரத்தில் யாரும் எப்போதும் படிக்காத பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அதன்மேல் அவள் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது.